கண்ணைத் திறந்தபடி தொடங்குங்கள்: வன்னியில் தியானம் கற்பிப்போருக்கு

விழிப்புணர்வுத் தியானம் கற்பிக்க இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்துடன் வகுப்பைத் தொடங்குகிறார்கள்: “கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்.” வேறு ஊர்களுக்கு அது பொருந்தலாம். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ முதல் நாளில் அந்த வசனம் வேண்டாம் என்று மன்றாட்டமாகவே கேட்டுக்கொள்கிறேன். பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்தபடி மூச்சை அடக்கி, அடுத்த செல் (எறிகணை) எங்கே விழும் என்று காதுகொடுத்துக் கிடந்தவர்கள் அந்த வகுப்பில் இருப்பார்கள். கண்ணை மூடியதும் அவர்களில் சிலருக்கு 2009ஆம் ஆண்டின் இறுதிப் போர் திரும்பி வந்துவிடும். மூச்சைத் தேடிப் போனால் நெஞ்சு இறுகும். உங்களுக்குக் காட்டும் மரியாதைக்காக எழும்பாமல் இருந்துவிட்டு, அடுத்த கிழமை வரமாட்டார்கள்.

நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்து உளசமூகப் பணிக்கு வந்தவள். ஆசிரியர்கள், தாதியர், பிரதேச செயலக அலுவலர்கள், கண்ணிவெடி அகற்றும் பெண்கள், வயலும் வீடுமாக இருக்கும் அம்மாமார் எனப் பலருக்கும் இந்தத் தியானத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே அமைதியைக் கற்பிப்பதற்கு முன்பு, இந்த அறையில் ஆபத்தில்லை என்பதை உடம்புக்குக் காட்டியாக வேண்டும்.

அறையிலிருந்தே தொடங்குங்கள். பொதுநோக்கு மண்டபம் என்றால் கதிரைகளை வாசல் எல்லோருக்கும் தெரியும்படி போடுங்கள். பாய் விரிக்கலாம், ஆனால் கதிரையும் இருக்க வேண்டும். செயற்கைக் கால் போட்டிருப்பவர் நிலத்தில் இருந்து எழும்பப் படும் பாட்டை மற்றவர்கள் பார்க்கும்படி செய்யக் கூடாது. விளக்கை அணைக்க வேண்டாம். ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நடந்து திரிய வேண்டாம். மணி அடித்துத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளும். “வெளியே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும், மேலே ஹெலியும் போகலாம், யாரும் எந்த நேரமும் எழும்பி வெளியே போய் வரலாம், காரணம் சொல்லத் தேவையில்லை” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடியே யாராவது எழும்பினால், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். உங்கள் சொல்லை நம்பலாமா என்று மற்றவர்கள் கணக்குப் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

முதல் பயிற்சி இரண்டு நிமிடம் போதும். நான் சொல்லும் வார்த்தைகள் ஏறத்தாழ இவைதான்: “கண் திறந்திருக்கட்டும். உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தில் பார்வை நிற்கட்டும். உடம்பு எங்கே கதிரையைத் தொடுகிறது, எங்கே நிலத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்த இடம் சூடாக இருக்கிறதா, குளிராக இருக்கிறதா? இப்போது காதுக்கு வருகிற சத்தங்களில் மிகத் தூரத்தில் உள்ளது எது?” அவ்வளவுதான். “இடது காலைக் கவனியுங்கள்” என்று நான் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இடது காலை இழந்தவர் முன்வரிசையில் இருக்கக்கூடும். இல்லாத காலில் இன்னும் வலி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். செல் துண்டை முதுகில் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உடம்பை உச்சி முதல் பாதம் வரை வரிசையாகக் கவனிக்கும் பயிற்சியை இங்கே பிந்தித்தான் தொட வேண்டும். அப்போதும் எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தைத் தாண்டிப் போவது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும்.

இரண்டாம் கிழமைக்கு முறிகண்டிக் கச்சான் (நிலக்கடலை) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் ஜோன் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாட்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்பப்பட்ட நோயாளிகளுக்காக, இன்று எட்டுக் கிழமையாகக் கற்பிக்கப்படும் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதில் ஒரேயொரு உலர்ந்த திராட்சையை நேரமெடுத்துப் பார்த்து, முகர்ந்து, சாப்பிடும் பயிற்சி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குத் திராட்சை பாயாசத்துக்குள் கிடக்கும் பொருள். கச்சான் அப்படியில்லை, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியால் போய் வந்த ஒவ்வொருவரின் மடியிலும் ஒரு நாள் இருந்திருக்கும்.

ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களை முதலிலேயே கேட்டு, அவர்களுக்கு வாழைப்பழத் துண்டு வைத்திருங்கள். கச்சான் கோதினை விரலால் தடவச் சொல்லுங்கள்: நெடுக்காக ஓடும் வரிகள், நடுவில் ஒடுங்கும் இடம், வறுத்த மணலில் ஒன்றிரண்டு துகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது. காதருகே ஆட்டினால் சிலதில் பருப்பு கிலுகிலுக்கும், சிலதில் சத்தமே வராது. இனி அழுத்தி உடைக்கலாம். உடையும் ஒலிக்கு முன்பே வாயில் நீர் ஊறுவதை அநேகமானோர் அன்றுதான் முதன்முதலாகக் கவனிக்கிறார்கள். செந்தோல் விரலில் உதிர்கிறது. பருப்பு இரண்டாகப் பிளக்கும் இடத்தில் சின்ன முளை நிற்கிறது. வாயில் வைத்து, கடிக்காமல் கொஞ்சம் பொறுத்து, பிறகு மென்று சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு, “எப்போது மனம் வேறெங்கோ போனது?” என்று கேளுங்கள். லோன் தவணைக்குப் போனது என்பார் ஒருவர். மகளின் சோதனை முடிவுக்கு என்பார் இன்னொருவர். போனதைக் கண்டுபிடித்துக் கச்சானுக்குத் திரும்பியதுதான் தியானம் என்று அந்த இடத்தில் சொன்னால், மேலதிக விளக்கம் தேவைப்படாது. உணவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கஞ்சி வேண்டாம். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் பசியாற்றிய உணவு அது. அதை ஒரு பயிற்சிப் பொருளாக நாம் கையில் எடுக்கக் கூடாது.

மூச்சுக்கு மூன்றாம் அல்லது நான்காம் கிழமையில் வரலாம். அதையும் ஒரு தெரிவாகவே வையுங்கள்: மூச்சு ஒத்துவராதவர் கைகளின் தொடுகையிலோ, வெளிச் சத்தத்திலோ நிற்கட்டும். ஐந்து நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை கூட்டினால் போதும்.

“இது எங்களைப் புத்த சமயத்துக்கு மாற்றுகிற வேலையா?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி, நேராகப் பதில் சொல்லுங்கள். இந்த முறையின் வேர் புத்தரின் போதனையில் இருக்கிறது, மருத்துவமனைகளில் கற்பிக்கும் வடிவத்தில் வழிபாடு எதுவும் இல்லை, யாரும் எதையும் விட்டுவிடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்ட நம் மக்களுக்கு அவரவர் மரபில் உள்ள சாந்த வழிகளையே பயன்படுத்த வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தவர். ஐந்தெழுத்து, செபமாலை, முஸ்லிம்களின் இறைநினைவான திக்ர் எதுவானாலும் அவரவருக்குப் பழகியதில் மனம் ஊன்றி நிற்கலாம்.

வேலைத்தலத்துக்குப் போகும்போது புதிதாக நேரம் ஒதுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். ஏ9இல் ஓடும் சாரதி முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தானே போகிறார். வேலை நாளின் நடுவிலும் அப்படியொரு தரிப்பிடம் வேண்டும் என்று சொல்லுங்கள், உடனே விளங்கிக்கொள்வார்கள். தாதிக்கு அது கைகழுவும் தொட்டி. முறையாகக் கைகழுவ 40 முதல் 60 வினாடி எடுக்கும். அந்த நேரம் முழுக்க நீரின் குளிர்மையில் மனம் நிற்கலாம். ஆசிரியருக்கு வகுப்பறை வாசல்படி. பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கும் மக்களைப் பார்க்கும் அலுவலருக்கு, ஒரு கோப்பினை மூடி அடுத்ததைத் திறக்கும் இடைவெளி. தையல் இயந்திரத்தில் ஊசி ஓடும்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்குப் பஸ் பயணம் நல்லது.

கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு வேறு பாடம் வேண்டும். முகமாலை வெயிலில், முகக்கவசத்துக்குள், மண்ணை அங்குலம் அங்குலமாகத் தேடும் ஒரு பெண்ணுக்குக் கவனத்தைக் குவிக்க நாம் கற்பிக்க எதுவும் இல்லை. குவிந்த கவனத்தைத் தளர்த்தத்தான் வழி வேண்டும். வேலை முடிந்து அங்கியையும் முகக்கவசத்தையும் கழற்றியபின், வாகனம் ஏறுமுன், தாடையை விட்டு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள பனையின் உச்சி வட்டை மூன்று மூச்சு நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வேலைத்தளத்துக்குள் அவர்களுடைய பாதுகாப்பு விதிகள் மட்டுமே செல்லும்.

“விட்டுவிடுங்கள்”, “கடந்து போங்கள்” என்ற சொற்களை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரில் ஒருவர் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர் மகனைத் தேடுவதை நிறுத்துவதற்காகத் தியானத்துக்கு வருவதில்லை. தேடலுக்கு நடுவே இரவில் கொஞ்சம் நித்திரை கொள்ள வருகிறார்.

எட்டுக் கிழமைத் தொடரை மார்ச் முதல் கிழமையில் தொடங்குவதே நல்லது. காலபோக நெல் அறுவடை அநேகமாக முடிந்திருக்கும், ஏப்ரல் கடைசியில் வகுப்பும் நிறைவடையும். மே மாதத்தில் புதிய வகுப்புத் தொடங்க மாட்டேன், அது முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் மாதம். உங்களுடன் உதவியாளர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவருக்குப் படபடப்பு வந்தால் பயிற்சியை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன நாள், எந்த மண்டபம் என்று சொல்லுங்கள். எதிரே தெரியும் பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், கேட்காமல் தொட வேண்டாம். நித்திரையே இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று யாரும் சொன்னால் அது தியானத்தின் வேலை அல்ல. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐயும் எழுதிக் கொடுங்கள்.

நிறுவனம் ஒன்று உங்களை அழைத்தால், முதலில் நிர்வாகத்துடன் கதையுங்கள். பயிற்சி சம்பளத்துடன் கூடிய வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். மறுக்கப்பட்ட லீவுக்கும் கூட்டப்பட்ட வேலைக்கும் ஈடாகத் தியானத்தைக் கொடுக்கக் கூடாது. யார் வந்தார், யார் எழும்பிப் போனார், யார் அழுதார் என்ற விபரம் எதுவும் மேலாளருக்குப் போகாது. இவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு நாள் குறியுங்கள்.