ரெண்டு இட்லியில் ஒரு நாளை ஓட்டுகிறவர்களுக்கு

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வரும். போன வாரம் அங்கே ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், பாதிச் சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். "ஒண்ணுமில்லீங்க்கா, நைட்டு சாப்பிடறத விட்டுட்டேன். மத்தியானம் ரெண்டு இட்லியோட சரி. பத்து நாள்ல நாலு கிலோ குறைஞ்சிருச்சுங்க" என்றாள். சொல்லும்போது அத்தனை பெருமை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பெருமையோடு இதையே நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பஜ்ஜி, பாட்டில் குளிர்பானம், டீயில் மூணு ஸ்பூன் சர்க்கரை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் சாப்பிடுகிறோம். எடை குறைக்கிறேன் என்று நல்லது நினைத்துச் செய்கிற தப்புகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பட்டினியை டயட் என்று நினைப்பது

அப்போது என் எடை 81 கிலோ, உயரம் 157 செ.மீ., வயது 38. காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். மதியம் ரெண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சட்னி. நடுவில் ரெண்டு டீ. ராத்திரி ஒரு கிண்ணம் பப்பாளி. எல்லாம் கூட்டினால் 500 கலோரி தேறும். அந்த எடைக்கும் வயதுக்கும், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால்கூட உடம்புக்கு 1,400 கலோரிக்கு மேல் வேண்டும். நான் எங்கே படுத்தேன்? நாலு பேருக்குச் சமைத்துவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கும் முதல் பத்து நாளில் நாலு கிலோ இறங்கியது. அந்த நாலு கிலோதான் ஆளை ஏமாற்றுவது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி துண்டு விழ வேண்டும். நாளுக்கு 1,400 துண்டு விழுந்தாலும் பத்து நாளில் ரெண்டு கிலோகூடக் கரையாது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்கிற மாவுச்சத்து இருப்பு, கிராமுக்கு மூணு கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. பட்டினி போட்டதும் அது செலவாகி, தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. அடுத்து, புரதம் இல்லாத சாப்பாட்டில் தசையும் கரைகிறது. எடை மெஷினுக்கு எல்லாம் ஒரே கிலோதான்.

மூணாம் மாசம் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. பட்டினிக்கும் முடி கொட்டுவதற்கும் நடுவே ரெண்டு மூணு மாசம் இடைவெளி இருப்பதால், ஒன்றை இன்னொன்றோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நான் ஷாம்பு மாற்றினேன், செம்பருத்தி எண்ணெய் காய்ச்சினேன், சிறுவாணித் தண்ணி வராமல் போர் தண்ணியில் குளிப்பதால்தான் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். ஏப்ரல் வெயிலில் சால்வை தேடினேன். மாதவிலக்கு தள்ளிப்போனது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.7, பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஏற்கெனவே காலியாக இருக்கும் பானையைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அந்த மூணு மாசத்துப் பாராட்டை நினைத்தால். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து நின்றவளிடம் "எப்படிங்க இப்படி இளைச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்டார்கள். நானும் சொன்னேன். எத்தனை பேரைக் கெடுத்தேனோ.

பிறகு ஒரு ராத்திரி, கல்யாண வீட்டிலிருந்து வந்த லட்டு ஏழையும் ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே தின்று தீர்த்தேன். மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று அழுதேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார் என்று பின்னாளில்தான் படித்தேன். அவர்களுக்கும் குளிர், எரிச்சல், சோர்வு. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி. நான் இருந்தது 500இல்!

எட்டு மாசத்தில் 84 கிலோ ஆனேன். போனதில் தசையும் இருந்தது, திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பு.

ரெண்டாம் முறை எடை குறைக்க முயன்றபோது உணவு நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். எனக்கு அவர் சொன்ன கணக்கு 1,500 கலோரி, புரதம் 60 கிராம். ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கப் தயிர் என்றாலே பாதி தாண்டிவிடும். பால், சிறுதானியம், வாரத்தில் மூணு நாள் மீன் என்று மீதியைச் சேர்த்தேன். சோறு ஒரு கப், பொரியல் ரெண்டு கப். மாசம் ஒரு கிலோ, சில மாசம் அதுவும் இல்லை. யாரும் எப்படி இளைத்தாய் என்று கேட்கவில்லை. 66இல் நின்றது, இன்னும் நிற்கிறது.

கொள்ளுத் தண்ணீர்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிவிட்டு, கொள்ளை வேகவைத்து வடித்த தண்ணீரை மட்டும் குடிக்கிறார்கள். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு கொள்ளில்தான் தங்குகிறது, தண்ணீரில் இல்லை. கொங்கு நாட்டில் பிறந்துவிட்டுக் கொள்ளுப் பருப்பைக் கடைந்து சாப்பிடத் தெரியாதா?

ராத்திரி சப்பாத்தி

எண்ணெய் தடவிச் சுட்ட ரெண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் கலோரியில் ஏறக்குறைய ஒன்று. கூட என்ன வைக்கிறீர்கள் என்று பாருங்கள்.

வாரம் ரெண்டு கிலோ சவால்

இத்தனை வேகமாக இளைப்பது, பித்தப்பையில் கல் வர ஒரு வழி.

சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொண்டே வேளை தவிர்ப்பது

மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவிர்க்க வேண்டாம். சர்க்கரை இறங்கி நடைபாதையில் விழுந்தவரைத் தூக்கியிருக்கிறேன்.

தினமும் எடை பார்ப்பது

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில். மெஷினை இப்போது பரணில் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கச் சோம்பல் வரட்டும் என்றுதான்.