மொபைல் ஹோம் இன்சூரன்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

அமெரிக்கால மொபைல் ஹோம், அதாவது ஃபேக்டரில கட்டி இழுத்துட்டு வந்து வைக்கற வீடு, வாங்குற நிறைய பேர் பிரீமியம் எவ்ளோன்னு மட்டும் கேட்டுட்டு பாலிசி எடுத்துடறாங்க, ஆனா முதல்ல கேக்க வேண்டியது வீடு போச்சுன்னா எந்தக் கணக்குல பணம் தருவீங்கன்னுதான். ஆக்சுவல் கேஷ் வேல்யூன்னா தேய்மானம் கழிச்சுதான் தருவாங்க, 20 வருஷக் கூரை காத்துல பிச்சுக்கிட்டு போனா புதுக்கூரை செலவுல பாதி கூட கைக்கு வராம போகலாம். ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்னா புதுசா போடற செலவு. பிரீமியம் கூடத்தான், ஆனாலும் கிடைச்சா இதையே எடுங்க, பழைய வீட்டுக்கு பல கம்பெனில தர மாட்டாங்க.

அடுத்து வீட்டோட வயசு. 1976 ஜூன் 15லேர்ந்து ஹட் (அமெரிக்க அரசோட வீட்டுவசதித் துறை) விதிப்படி கட்டினது மேனுஃபேக்சர்டு ஹோம், அதுக்கு முந்தினதுதான் மொபைல் ஹோம், பேச்சுல நாம எல்லாத்தையும் ஒண்ணாத்தான் சொல்றோம், ஆனா அந்தத் தேதிக்கு முந்தின வீடுன்னா பாலிசி கிடைக்கறதே கஷ்டம். ஹட் விதிப்படி கட்டினதுக்கு அடையாளமா வெளிச்சுவத்துல ஒரு சின்ன சிவப்புத் தகடு இருக்கும், உள்ள டேட்டா பிளேட்னு ஒரு பேப்பர். நாங்க டார்ச் அடிச்சு தேடினோம், கிச்சன் சிங்க்குக்கு கீழ கபோர்டு கதவுக்குப் பின்னாடி எண்ணெய்ப் பிசுக்கோட ஒட்டியிருந்துச்சு. எந்த விண்ட் ஸோனுக்கு, அதாவது எவ்ளோ காத்து அடிக்கற பகுதிக்கு கட்டினதுன்னு அதுலதான் தெரியும். 1992ல ஆண்ட்ரூ புயல் புளோரிடாவ புரட்டிப் போட்ட பிறகு 1994ல இந்தக் காத்து விதிய கடுமையாக்கினாங்க, அதனால கடலோரத்துல பாக்குறவங்க அதுக்கப்புறம் கட்டின வீடா பாருங்க.

புளோரிடால இன்னொரு விஷயம், ஹரிகேன் டிடக்டிபிள், அதாவது புயல் சேதத்துல நாம முதல்ல ஏத்துக்க வேண்டிய பங்கு, பெரும்பாலும் சதவீதத்துல இருக்கும். 80,000 டாலர் கவரேஜ், 5 சதவீதம்னா முதல் 4,000 டாலர் உங்க பாக்கெட்லேர்ந்துதான்.

வெள்ளம் சாதாரண பாலிசில வராது! ஃப்ளட் இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும், அரசாங்கத்தோடதுன்னா பொதுவா 30 நாள் கழிச்சுதான் அது அமலுக்கு வரும், புயல் கிளம்பிடுச்சுன்னு டிவில சொன்னப்புறம் ஓடினா பிரயோஜனம் இல்ல.

கார்போர்ட் (கார் நிறுத்தற கூரை), ஷெட், ஸ்க்ரீன் ரூம் (வலையடிச்ச ரூம்) எல்லாம் பாலிசில சேர்ந்திருக்கான்னு கேளுங்க. வீட்ட வேற இடத்துக்கு இழுத்துட்டு போறதா இருந்தா அதுக்கு தனியா ட்ரிப் கவரேஜ் கேக்கணும்.

கடைசியா ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அடில குனிஞ்சு பாத்து, தரையோட இழுத்துக் கட்டியிருக்கற ஸ்ட்ராப் ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுங்க, துருப்பிடிச்சதையும் தளர்ந்ததையும் மாத்திட்டு அந்த பில்ல பாலிசி பேப்பரோட சேத்து வைங்க.