மீனின் மூக்கை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

மீனுக்கு மூக்கு உண்டு, ஆனால் அது மூச்சுவிட அல்ல, மணம் அறிய. கெண்டையின் கண்ணுக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டு துளைகள் இருக்கும். முன்துளையில் நுழையும் நீர் பின்துளையில் வெளியேறும். வாய்க்கு வழி கிடையாது.

படி 1: அப்போதுதான் இறந்த மீனை எடுங்கள். நேரமானால் உள்படலம் சிதைந்துவிடும். இரு துளைகளுக்கும் இடையிலுள்ள தோல்மடிப்பை நுண்கத்தரியால் வெட்டுங்கள். உள்ளே பூப்போல ஓர் உறுப்பு தெரியும்; அதுதான் ரோசெட். நடுவில் ஒரு வரம்பு, இருபுறமும் மெல்லிய தகடுகள். கெளுத்தியில் இது நீண்டிருக்கும். மீன் வளர வளரத் தகடுகளும் கூடும்.

படி 2: எலும்பு ஒட்டாமல் ரோசெட்டைப் பெயர்த்தெடுங்கள்; ஒட்டியிருந்தால் மைக்ரோடோம் (திசுவை மெல்லிய சீவல்களாக அறுக்கும் கருவி) கத்தி பாழாகும். திசு கெடாமலிருக்க 10% நடுநிலை ஃபார்மலினில் ஒரு நாள் ஊறட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமும் வேண்டும்.

படி 3: நீரை நீக்க ஆல்கஹால் (70%-இல் தொடங்கி 100% வரை), ஆல்கஹாலை நீக்க சைலீன், கடைசியில் திசுவைப் பதிக்கப் பாரபின் மெழுகு. இதெல்லாம் வழக்கமானதுதான். சிக்கல் மெழுகில் வைக்கும் திசையில் இருக்கிறது. முதல் முறை நான் தகடுகளுக்கு இணையாக வெட்டிவிட்டேன். அகன்ற பரப்பைத் தவிர எதுவும் புரியவில்லை. தகடுகளைக் குறுக்கே அறுக்கும்படி, தலையின் மேல்பரப்புக்கு இணையாக 5–6 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். சாயம், ஹீமாடாக்சிலினும் இயோசினும்.

படி 4: முதலில் குறைந்த பெருக்கம். வரம்பின் இருபுறமும் விரல்கள் நீட்டியதுபோல் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் இரத்தக் குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு, அதைப் போர்த்திய எபிதீலியம் (மேற்பரப்புச் செல் அடுக்கு).

400 மடங்குக்குப் போனால்தான் சுவாரசியம். அடியில் சிறு உட்கருக்களோடு அடிச்செல்கள். தேய்ந்துபோகும் மண உணர்செல்களுக்கு மாற்று இங்கிருந்துதான் வருகிறது. காலியாக, வெளிறித் தெரிபவை கோழைச் செல்கள். சந்தேகம் இருந்தால் ஆல்சியன் நீலம் போட்டுப் பாருங்கள், நீலமாகிவிடும்.

உணர்செல்களில் முக்கியமானவை மூவகை. குறு இழை (சிலியா) கொண்டவற்றின் உடல் ஆழத்தில் இருக்கும். நீண்ட காம்பு ஒன்று மேற்பரப்பை எட்டும். நுண்விரல் (மைக்ரோவில்லை) கொண்டவை அதைவிட மேலே. உருண்டையான கிரிப்ட் செல்கள் மேற்பரப்பை ஒட்டி, எண்ணிக்கையில் சொற்பம். சாதாரண நுண்ணோக்கியில் இழையையும் நுண்விரலையும் பிரித்தறிய முடியாது; ஆழத்தை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். உறுதிசெய்ய எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

அப்புறம், ரோசெட்டுக்கு அடியில் நரம்பிழைகள் கற்றையாவதைத் தேடுங்கள். கெண்டையில் மண முகிழ் (இந்த நரம்பிழைகள் போய்ச் சேரும் மூளைப் பகுதி) ரோசெட்டை ஒட்டியே இருக்கும், மூளைக்கு ஒரு நீண்ட காம்பு போகும். டிரவுட் மீனில் அந்த முகிழ் முன்மூளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.