மினியேச்சருக்கு வார்னிஷ்: சிங்கப்பூர்க் காற்றில் செய்யக்கூடாத தவறுகள்

மினியேச்சர் எனப்படும் குட்டிப் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். அதன்மேல் பாதுகாப்புக்கு வார்னிஷ் அடிப்பது சில நிமிட வேலை. பொம்மை கெட்டுப்போவது என்னவோ அந்தச் சில நிமிடங்களில்தான். மேட்டா (பளபளப்பில்லாதது), கிளாஸா (பளபளப்பானது) என்று மட்டும் கேட்டு டப்பாவை வாங்கிவிடுகிறோம். எப்படிப் பூசப்போகிறோம், அடியில் இருப்பது என்ன பெயிண்ட் என்ற இரண்டையும் அதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டும். விடியற்காலையில் 90க்கு மேல் போகும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஸ்பிரே வார்னிஷின் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அங்கே படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. கறுப்பு அங்கி சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். வேலை முடிந்து வந்து, இரவு மழை விட்ட கையோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்று அடிப்பவர்கள் இதற்குச் சரியாக மாட்டுவார்கள். (பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவது தனிக் கதை.) சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்பிரேதான் வேண்டுமென்றால் வெயில் காயும் சனி, ஞாயிறு பிற்பகலுக்காகக் காத்திருங்கள்.

டப்பாவை அதிக தூரத்தில் பிடிப்பதும் தவறுதான். துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாகப் படியும். 20 முதல் 30 செ.மீ. தூரம் போதும். நன்றாகக் குலுக்கிவிட்டு, ஒரே இடத்தில் நிற்காமல் லேசாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? உலர்ந்த நாளில் அதன்மேல் கிளாஸ் பூச்சு ஒன்று கொடுத்துப் பாருங்கள். பல நேரம் நிறம் திரும்பிவிடும். பிறகு மறுபடி மேட்.

ஏர்கான் அறையில் காற்று உலர்வாக இருக்குமே என்று கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பிரே அடிக்காதீர்கள். என்95 முகக்கவசம் தூளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். அடுப்பு எரியும் சமையலறைப் பக்கமோ போகவே கூடாது.

இதனால்தான் நம் ஊருக்கு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையாலோ, காற்றழுத்தத்தால் பீச்சும் ஏர்பிரஷாலோ பூசுவதே நல்லது என்பேன். ஸ்பிரே டப்பாபோல விமான அஞ்சலில் வர மறுக்கும் சிக்கலும் இதற்கு இல்லை. ஆனால் வாலெஹோ போன்ற நிறுவனங்களின் மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் தூள் புட்டியின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் எடுத்தால் மேலே இருப்பது பளபளக்கும், அடியில் மிஞ்சுவது வெள்ளையாக அப்பும். கெட்டியாகப் பூசினால் மடிப்புகளில் தேங்கிப் பால்நிறமாக உறைந்துவிடும். மெல்லிசாக, இரண்டு தடவை.

விளையாட்டில் கையால் எடுத்து நகர்த்தும் பொம்மை என்றால் மேட் மட்டும் போதாது. அந்தத் தூளே மேட் படலத்தைக் கொஞ்சம் பலவீனமாக்குகிறது. வியர்வைக் கை படும் பொம்மைக்கு முதலில் கிளாஸ், காய்ந்தபின் மேட். சிட்டாடல் நிறுவனத்தின் கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட் அடித்திருந்தால் இது கட்டாயம். விளிம்புகளில் அது சுலபமாகத் தேய்ந்து போகும். டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டுகிறவர்களுக்கும் முதலில் கிளாஸ்தான். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று புகுந்து வெள்ளியாக மின்னும்.

எனாமல் (எண்ணெய் சார்ந்த) பெயிண்டின் மேல் லாக்கர் (வீரியமான கரைப்பான் உள்ள) வார்னிஷ் அடித்தால் பெயிண்ட் சுருங்கி விரிசல் விடலாம். கடையில் கிடைக்கும் தாமியா டிஎஸ்-80, மிஸ்டர் சூப்பர் கிளியர் ஸ்பிரேக்கள் இரண்டும் லாக்கர் வகை. நன்கு காய்ந்த அக்ரிலிக் மேல் மெல்லிய பூச்சாக அடித்தால் தொல்லை இல்லை. எண்ணெய் வண்ணம், எனாமல் வாஷ் (நீர்த்த பூச்சு) என்றால் நாள்கணக்கில் காயவிட வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே வார்னிஷ் என்பதும் சோம்பேறித்தனம். வாளும் கவசமும் மேட்டில் செத்துப்போகும்; மேட் காய்ந்தபின் அவற்றின்மேல் மட்டும் சாட்டினோ (பாதிப் பளபளப்பு) கிளாஸோ தொட்டு வையுங்கள். விமான மாடலின் கண்ணாடிக் கூண்டை ஸ்பிரே அடிக்கும் முன் மூடிவிடுங்கள், அல்லது கடைசியில் ஒட்டுங்கள். அது ஒருமுறை மங்கினால் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை.