பாறை பாஸ்பேட்: எந்த மண்ணுக்கு, எப்படி இடுவது

பாறை பாஸ்பேட் என்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள பாறையை அரைத்த உரத் தூள். அதை வாங்கும் முன் மண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால்தான், அபடைட் என்னும் கனிமத்தில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை மண்ணின் அமிலம் சிறிது சிறிதாகக் கரைத்து வேருக்குத் தரும். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் மண் பெரும்பாலும் இத்தகையது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அதே தூளை இட்டால் அது ஆண்டுக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். விலை குறைவு என்பதற்காக அங்கே அதை வாங்குவது வீண்செலவு.

அடுத்துப் பார்க்க வேண்டியது, அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் மொத்த மணிச்சத்து விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. துனீசியாவின் காஃப்சா பகுதியில் கிடைப்பது போன்ற கடற்படிவுப் பாறைகள் எளிதில் கரைகின்றன. இராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகிலுள்ள ஜாமர்கோட்ராவின் பாறையும் கடற்படிவே என்றாலும், மிகத் தொன்மையானதாகையால் மெதுவாகவே கரையும். இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 1971-இல் கண்டறியப்பட்ட எப்பாவலப் படிவு எரிமலைக் குழம்பின் வழி உருவானது. அதில் மணிச்சத்து செறிவாக இருந்தும் கரைதிறன் குறைவு. ஆகவேதான் அது நெல்லுக்கு உகந்ததாகக் கருதப்படாமல், தேயிலை, ரப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே இடப்பட்டு வருகிறது.

தூள் மாவு போல நுண்ணியதாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்க்கும்போது மணல் போல நெருநெருத்தால் வாங்க வேண்டாம். அளவைக் கணக்கிடுவது எளிது: 16 கிலோ மணிச்சத்து தேவை என்றால், 20 விழுக்காடு கொண்ட தூளில் 80 கிலோ வேண்டும். ஆனால் இது மொத்தச் சத்தின் கணக்கே. முதல் ஆண்டிலேயே அத்தனையும் பயிருக்குக் கிடைத்துவிடாது. தூளை மேலே தூவி விட்டுவிடாமல், கன்று நடும் குழியிலோ வேர் பரவிய வட்டத்திலோ மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும். மணிச்சத்து மண்ணில் நகர்ந்து செல்லும் இயல்புடையதன்று. மண்ணில் ஈரம் இருக்கும்போது இடுவது நல்லது. சுண்ணாம்பை இதனுடன் சேர்த்து இடவே கூடாது, ஏனெனில் அது அமிலத்தை முறித்துக் கரைதலையும் தடுத்துவிடும். தொழு உரத்துடனும், மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரமான பாஸ்போ பாக்டீரியாவுடனும் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில வாரங்கள் வைத்திருந்து இட்டால் கரைதல் ஓரளவு விரைவுபடும்.

அமிலமற்ற மண்ணுக்கு வேண்டிய அமிலத்தைத் தொழிற்சாலையே சேர்த்துத் தருகிறது. பாறைத் தூளில் கந்தக அமிலம் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கிறது. இந்தியாவில் அது முதன்முதலாக 1906-இல் இராணிப்பேட்டையில் தயாரிக்கப்பட்டது. கந்தக அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் பாஸ்பாரிக் அமிலம் பிரிந்து, ஜிப்சம் கழிவாக மலைபோல் சேர்கிறது. அந்த பாஸ்பாரிக் அமிலத்துடன் அம்மோனியா சேர்ந்ததே டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம். சில மாதங்களில் அறுவடைக்கு வரும் பயிருக்கும், கரிசல் நிலத்துக்கும், விலை கூடினாலும் இவற்றையே வாங்க வேண்டும்.