401-இல் கிளீனர் கிடையாது

கனடாவின் ஒன்டாரியோவில் கார் ஓட்டும் உரிமம் வாங்கும் கதையை இழுக்க வேண்டாம். எழுத்துத் தேர்வு எழுதினால் ஜி1, பிறகு ஜி2, கடைசியில் ஜி. ஊரில் ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று கொண்டுவந்தால் காத்திருப்புக் குறையும். ஜி1-ஐ வைத்துக்கொண்டு, பக்கத்தில் உரிமம் பெற்ற பயிற்சியாளர் இல்லாமல் 400 வரிசைச் சாலைகளில் (401 போன்ற விரைவு நெடுஞ்சாலைகளில்) ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது லாரிப் பக்கத்தில். நம்மூர் நெடுஞ்சாலையில் லாரி வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இடப்பக்கமாகப் புகுந்து போவோம். அங்கே கிளீனர் இருப்பார், கதவைத் தட்டி டிரைவருக்குச் சொல்வார். அதே கை இங்கே வலப்பக்கம் புகுகிறது. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். வலது இருக்கையில் பெரும்பாலும் ஆளே இருக்காது. 53 அடி டிரெய்லரின் வலப்புறம், கேபின் கதவிலிருந்து பின்னோக்கி விரிந்து இரண்டு லேன் அகலத்துக்கு டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா, உங்கள் கார் அவருக்குத் தெரியவில்லை. ஹாரனை நம்பாதீர்கள், இங்கே அது வசவு.

ஆகவே இடப்பக்கமாகவே முந்துங்கள். மூன்று லேனுக்குக் குறையாத இடங்களில் 6.5 மீட்டருக்கு மேல் நீளமான லாரி இடது கோடி லேனுக்கு வரக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். லாரி மணிக்கு 105 கி.மீ.-ஐத் தாண்டாதபடி எஞ்சினிலேயே பூட்டு உண்டு. ஒரு லாரி இன்னொன்றை முந்த நிமிடக்கணக்கில் ஆகும்; பொறுத்திருங்கள், நடுவில் நுழைய வேண்டாம். முந்தும்போது பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடாமல் விறுவிறுவென்று கடந்துவிடுங்கள். மழையிலும் பனிச்சேற்றிலும் லாரியை நெருங்குவதற்கு முன்பே வைப்பரைப் போட்டுவிடுங்கள்.

உயிரை வாங்குவது அடுத்த கட்டம்தான்: முந்திய கையோடு லாரியின் மூக்குக்கு முன்னால் வெட்டுவது. பானெட்டுக்கு முன்னால் 20 அடி டிரைவர் கண்ணுக்கு மறைவு. ஏர் பிரேக்கில் மிதித்த பிறகு காற்று ஓடிச் சேர அரை நொடி போகும். 105 கி.மீ. வேகத்தில் காருக்கு 95 மீட்டர் போதும் என்றால், சரக்கேற்றிய லாரி நிற்க 160 மீட்டர் வேண்டும். உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிந்த பிறகே வலப்பக்கம் திரும்புங்கள்.

டொரண்டோவுக்குள் 401 எக்ஸ்பிரஸ் (நிற்காமல் நேராகப் போகிறவர்களுக்கான நடு லேன்கள்), கலெக்டர் (ஓரத்து லேன்கள்) என்று பிரியும். (மாவட்ட ஆட்சியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வெளியேறும் வழி பெரும்பாலும் கலெக்டரில்தான். எக்ஸ்பிரஸில் போய்விட்டுக் கடைசி நொடியில் லாரிக்குக் குறுக்கே பாய்கிறவர்கள் அதிகம். தவறினால் தவறட்டும், அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வர பத்து நிமிடம் ஆகுமா?

பின்னால் போகும்போது நான்கு நொடி இடைவெளி விடுங்கள். குளிர்காலத்தில் இன்னும் கூட்டுங்கள், டிரெய்லர் கூரையிலிருந்து பனிக்கட்டி பலகைபலகையாகப் பறந்து வரும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ராம்ப் முடிவில் சிக்னலில், வலப்பக்கம் திரும்பப்போகும் லாரி முதலில் இடப்பக்கம் ஒதுங்கும். வலப்புறம் இடம் கிடக்கிறதே என்று மூக்கை நுழைக்காதீர்கள், டிரெய்லரின் பின்சக்கரம் அங்கேதான் ஏறி வரும்.