செயின்சாவுக்கு பிஸ்டன், சிலிண்டர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்த, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் ஏகப்பட்ட பேர் செயின்சா (பெட்ரோலில் ஓடும் மர அறுவை ரம்பம்) வாங்கினார்கள். அந்த மெஷின்களில் பலதும் இப்போது பிஸ்டன், சிலிண்டர் சேர்ந்த செட் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டன. பைக் பட்டறையில் தொழில் பழகிய தம்பிகள் ஆன்லைனில் செட் வரவழைத்து அவர்களே மாற்றுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே தவறுகள்தான் இப்போதும் நடக்கின்றன. போல்ட்டை ஒழுங்காக இறுக்கு, கழற்றியதைத் தொலைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

காரணம் தெரியாமலே புது செட் போடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு இதுதான். பிஸ்டன் தானாக சீஸ் ஆகாது, அதாவது சிலிண்டரில் பிடித்துக்கொள்ளாது. ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. அது மெஷினுக்குள்ளேயே இருக்கும்போது புது செட்டைப் போட்டால் அதுவும் சாகத்தான் செய்யும்.

ஒரு கோடையில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, புது செட்டுதான் போட்டோம். ஒரு டேங்க் பெட்ரோல்கூடத் தீரல, பிடிச்சுக்கிச்சு. செட்டு டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றார். அதற்கு முன்பு போட்ட செட்டும் அதே மாதிரிதான் போயிருந்தது. இரண்டு முறையும் செட் விற்ற கடைக்காரரைத் திட்டிவிட்டு, மூன்றாவதாக ஒன்றையும் கையோடு வாங்கி வந்திருந்தார்.

சைலன்சரைக் கழற்றினேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துவாரம் வழியாகப் பார்த்தால் பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடுகோடாகக் கிழிந்திருந்தது. நகத்தை வைத்துத் தேய்த்தால் மாட்டியது. அந்தப் பிஸ்டனைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், கலவை உள்ளே வரும் இன்டேக் பக்கம் புதுசு மாதிரியே பளபளவென்று இருந்தது. செட்டில் குறை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

செத்த பிஸ்டனைத் தூக்கிப் போடாமல் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது. இன்டேக் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் கிழிந்திருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காற்று எப்படிக் கூடும்? டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே உள்ள கிராங்க் அறை கார்புரேட்டர் வழியாகக் கலவையை உறிஞ்சுகிறது. கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் இறுகிப்போயிருந்தாலோ இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருந்தாலோ அந்த வழியாக வெறும் காற்றும் உள்ளே வரும். பெட்ரோல் குறைந்தால் அதோடு வருகிற ஆயிலும் குறையும். சூடு ஏறும், வழவழப்பு போகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் சட்டென்று இறங்காமல் இழுத்துக்கொண்டே நின்றால், மெஷினைச் சாய்க்கும்போது ஐடிலிங் மாறினால், காற்று எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கைப்பம்பும் மீட்டரும் போதும். எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் ரப்பர் ஷீட் வைத்து அடைத்து, 7 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். டயருக்கு அடிக்கிற கம்ப்ரசரை வைத்து அடிக்காதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும். காற்று ஏற்றிப் பார்த்ததோடு நிறுத்தவும் கூடாது, உறிஞ்சியும் பார்க்க வேண்டும். அந்தத் தோப்புக்காரர் மெஷினில் காற்று ஏற்றியபோது முள் அசையவே இல்லை. உறிஞ்சியபோது, கிராங்கை மெல்லச் சுற்றியதுமே முள் விழுந்தது. கிளட்ச் பக்க ஆயில் சீல். அதன் உதடு கையால் வளைக்க முடியாதபடி இறுகியிருந்தது. செட் விலையோடு பார்த்தால் அந்த சீலின் விலை ஒன்றுமே இல்லை. இரண்டு சீலையும் மாற்றி, அவர் கையிலிருந்த அதே செட்டைப் போட்டேன். மெஷின் ஓடுகிறது.

சீலோடு பெட்ரோலையும் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரில் இருக்கும் பழைய டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு, ரப்பர் டியூபையும் கெடுக்கும். மாதக்கணக்கில் கேனில் கிடந்த கலவையைப் புது பிஸ்டனுக்கு ஊற்ற வேண்டாம். மெஷின் புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்), 25:1 என்றால் 40 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

சிலிண்டரை லேத்தில் கொடுப்பது

பைக் பட்டறைப் பழக்கம் இது. பழைய பைக்கின் இரும்பு சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்கி (போர் போட்டு) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். செயின்சா சிலிண்டர் அலுமினியம். உள்ளே மெல்லிய நிக்கல் அல்லது குரோம் பூச்சு. கடைந்தால் பூச்சு போய்விடும், அப்புறம் அந்த சிலிண்டர் எதற்கும் ஆகாது. கோடாகத் தெரிவதெல்லாம் கீறல் என்று நினைக்க வேண்டாம், பல நேரம் அது ஒட்டிக்கொண்ட பிஸ்டன் அலுமினியம்தான். அதை எடுத்துவிட்டுப் பூச்சு முழுசாக இருந்தால் பிஸ்டன் மட்டும் மாற்றினால் போதும்.

கிளட்சை வழக்கமான பக்கம் திருப்புவது

சீல் மாற்றக் கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான மெஷினில் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அப்போது கிராங்க் சுற்றாமல் பிஸ்டனை நிறுத்த எக்ஸாஸ்ட் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகாதீர்கள். பிஸ்டன் அந்தத் துவாரத்தைத் தாண்டி மேலே ஏறியதும், ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகக் கயிற்றை விட்டு நிறுத்துங்கள்.

பழைய லாக்கை மறுபடி போடுவது

பிஸ்டன் பின் வெளியே வராமல் பிடிக்கிற கம்பி வளையம்தான் லாக். பழையதைப் போடாதீர்கள். ஓட்டத்தில் ஒரு லாக் கழன்றால் செட் மொத்தமும் போச்சு.

அம்புக்குறி

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

கிராங்க் அறையைக் கழுவாமல் மூடுவது

பழைய பிஸ்டனின் துகள் அடியில் பேரிங்கில் கிடக்கும். கிராங்க் அறையில் சுத்தமான பெட்ரோல் ஊற்றிச் சுற்றிக் கவிழ்த்து, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். அப்புறம் பேரிங்குக்குக் கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டு மூடுங்கள்.

போட்டதும் முறுக்குவது

சத்தம் கேட்க ஆசைப்பட்டு, மரத்தில் வைக்காமல் ஃபுல் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிறார்கள். புது ரிங் படிவதற்கு முன் அது கூடவே கூடாது. முதல் சில டேங்குக்குப் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும்படி கார்புரேட்டரில் உள்ள எச் (H) திருகை வைத்து, மிதமான கட்டையை அறுங்கள். முதல் டேங்க் தீர்ந்து மெஷின் ஆறியதும் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு விழ ஆரம்பித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கைப்பம்பை எடுங்கள், சிலிண்டராவது தப்பும்.